பசுபதிநாதரா, பத்துமலை முருகனா?

கேள்வி: அன்புள்ள அக்கா, சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் முதல் தடவையாகக் குடும்பத்தோடு வெளிநாடு போக நினைத்திருக்கிறோம். மாமிக்கு 71 வயது. முழங்கால் வருத்தம், சமதரையில் மெல்ல நடப்பார், படிதான் கஷ்டம். காத்மாண்டு போய்ப் பசுபதிநாதரைக் கும்பிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 14 வயது மகளும் 9 வயது மகனும் கோலாலம்பூர் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். "அங்கேயும் பத்துமலை முருகன் இருக்கிறார்தானே, அம்மாவுக்கு அது போதும்" என்கிறார் கணவர். ஓகஸ்ட் விடுமுறையில் அல்லது டிசெம்பர் விடுமுறையில் ஆறு நாள் ஒதுக்கலாம். காத்மாண்டு உயரமான இடம், மாமிக்கு மூச்சு முட்டுமோ என்றும் பயமாக இருக்கிறது. எதைத் தெரிவு செய்வது? இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியாதா?
– ஒரு மருமகள், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, டிசெம்பரில் காத்மாண்டு போங்கள். கோலாலம்பூரை இன்னொரு வருடத்துக்கு வையுங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனிக் காரணங்களைச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் இருத்தி வாசித்துக் காட்டுங்கள், பிள்ளைகள் உட்பட.

உங்கள் கணவர் சொன்ன "அம்மாவுக்கு அது போதும்" என்பதையே முதலில் எடுக்கிறேன். பத்துமலை அடிவாரத்தில் நிற்கும் முருகன் சிலை 42.7 மீற்றர் உயரம். 2006 இல் எழுப்பினார்கள். அண்ணாந்து பார்த்தால் யாருக்கும் கண் நிறையும். ஆனால் கோயில் மேலே குகைக்குள் இருக்கிறது. அங்கே போக 272 படிகள், அதுவும் செங்குத்தாக. முழங்கால் வருத்தக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வதை. கடைசியில் மாமி கீழே ஒரு வாங்கில் எல்லோருடைய கைப்பைகளையும் வைத்துக்கொண்டு இருப்பார், நீங்கள் நால்வரும் மேலே போய்க் கும்பிட்டு வருவீர்கள். பசுபதிநாதர் கோயில் ஆற்றங்கரையில் இருக்கிறது. மேற்கு வாசலால் போனால் பெரும்பாலும் சமதரை. கோலாலம்பூரில் கீழே இருக்க வேண்டிய அதே மாமி, காத்மாண்டுவில் மூலஸ்தானத்து வாசல் வரை நடந்து போவார்.

கொள்ளுப்பிட்டியில் பயண முகவர் கவுண்டரில் இருந்த காலம் முழுக்க இந்த வழக்கு என் முன்னால் வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் ஓர் ஊர் சொல்வார்கள், அப்பா இன்னோர் ஊர் சொல்வார், ஓரத்தில் இருக்கும் அம்மம்மா "எனக்கு எங்கே என்றாலும் சரி" என்பார். அப்படிச் சொல்கிறவரிடம் இரண்டாம் தரமும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் மாமி வாய் திறந்து ஓர் ஊரின் பெயரைச் சொல்லியிருக்கிறார். அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் மகளும் மகனும் வேலைக்குப் போன பிறகு ஒரு நீண்ட வார இறுதியில் தாங்களாகவே கோலாலம்பூர் போய்வருவார்கள். மாமிக்கு நடக்க முடிகிற காலம் இதுதான்.

இரண்டையும் சேர்க்கலாமா? வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கொழும்பில் இருந்து வடக்கே காத்மாண்டு, கிழக்கே கோலாலம்பூர். இரண்டும் ஏறத்தாழ 2,400 கிலோமீற்றர். மலேசியாவில் நேபாளத் தொழிலாளர்கள் ஏராளம் என்பதால் அந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே நேரடி விமானங்களும் உண்டு. ஆகவே முடியும். ஆனால் ஆறு நாளில் மூன்று விமானம், இரண்டு ஹோட்டல், ஒரு பக்கம் கம்பளிச் சட்டை, மறுபக்கம் வேர்வை. முழங்கால் வருத்தம் உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம்.

உயரத்தைப் பற்றிய பயத்தை இன்றே விடுங்கள். காத்மாண்டு கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர். எங்கள் நுவரெலியா 1,868 மீற்றர். மாமி நுவரெலியாவில் சிரமமில்லாமல் இருந்திருந்தால் காத்மாண்டுவின் உயரம் அவருக்குப் பிரச்சினையாக இருக்காது. இருந்தாலும் அவருடைய வைத்தியரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். கவனிக்க வேண்டியது குளிரை. டிசெம்பரில் பகல் வெயில் இதமாக இருக்கும். இரவில் இரண்டு மூன்று பாகை வரைக்கும் இறங்கும். பல ஹோட்டல்களில் கட்டடம் முழுவதற்குமான வெப்ப வசதி கிடையாது. "அறைக்குள் ஹீட்டர் உண்டா, இரவு முழுக்கப் போடலாமா, லிஃப்ட் இருக்கிறதா" என்று மூன்றையும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஓகஸ்ட் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் மழை. நேபாளத்தில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழைக்காலம். மலைகள் முகிலுக்குள் போய்விடும், வீதிகள் சேறாகும், காத்மாண்டுப் பள்ளத்தாக்குக்கு வெளியே மண் சரியும். ஒக்டோபர், நவெம்பர்தான் மிக நல்ல மாதங்கள், ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அடுத்தது டிசெம்பர். ஒரு விஷயம் மட்டும்: குளிர்காலக் காலை வேளைகளில் மூடுபனியால் காத்மாண்டு விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாகும். நடுப்பகலில் போய் இறங்கும் விமானமாகப் பார்த்து எடுங்கள். கோலாலம்பூருக்கு ஓடுகிற அளவு விமானங்கள் கொழும்பில் இருந்து காத்மாண்டுவுக்கு இல்லை, ஆகையால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள்.

எங்கே தங்குவது? எல்லோரும் தமேல் என்பார்கள். கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் நிறைந்த இடம்தான், ஆனால் ஒடுங்கிய ஒழுங்கைகளில் மோட்டார் சைக்கிளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டும். மாமிக்கு அது சரிவராது. பௌத்தநாத் பக்கம் தங்குங்கள். அங்கே ஒரு மாபெரும் வெள்ளைத் தூபி. அதன் நான்கு பக்கமும் கண்கள் தீட்டியிருக்கும். 2015 நிலநடுக்கத்தில் அதன் கோபுரப் பகுதி சேதமாகி அடுத்த வருடமே திருத்தி முடித்தார்கள். தூபியைச் சுற்றி அகலமான கல் பாவிய பாதை, வாகனம் கிடையாது, படி கிடையாது. விடியலிலும் மாலையிலும் திபெத்தியக் கிழவிகள் ஜெபச் சக்கரத்தைச் சுழற்றியபடி வலம் வருவார்கள். உங்கள் மாமியும் அவர்களோடு சேர்ந்து தன் பாட்டில் ஒரு சுற்று நடக்கலாம். அங்கே இருந்து பசுபதிநாதர் கோயில் டாக்ஸியில் கொஞ்ச நேரம்தான்.

இனி அந்தக் கோயில். இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள். உள் வீதிக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. திருநீறும் பொட்டும் சேலையுமாகப் போனால் வாசலில் கேள்வி குறைவு. தோல் பொருள் எதுவும் ஆகாது. இடுப்புப் பட்டி, தோல் பணப்பை, தோல் கைப்பை எல்லாவற்றையும் அறையிலேயே விட்டுவிட்டுத் துணிப்பையோடு போங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. மேற்கு வாசலால் நுழைந்ததும் பெரிய நந்தி, அதற்கு எதிரே பொன் முலாம் பூசிய இரட்டைக் கூரையோடு கோயில். மூலஸ்தானத்துக்கு நான்கு திசையிலும் வாசல்கள், வெள்ளித் தகடு போர்த்திய கதவுகள். உள்ளே இருக்கும் லிங்கத்தில் திசைக்கு ஒன்றாக நான்கு முகங்கள். உச்சியை ஐந்தாவது முகமாகக் கொள்வார்கள். சத்தியோசாதம், வாமதேவம், அகோரம், தற்புருடம், ஈசானம் என்று மாமி சின்ன வயதில் படித்தது அங்கே கல்லில் இருக்கிறது. ஒரு வாசலில் கும்பிட்டதும் அடுத்த வாசலுக்கு நகர்ந்து நான்கு முகத்தையும் பார்க்க வேண்டும். அவசரப்படுத்தினாலும் அந்தச் சுற்றை விடாமல் முடியுங்கள். பூசை செய்யும் பட்டர்கள் தலைமுறை தலைமுறையாகத் தென்னிந்தியாவில் இருந்து வருகிறவர்கள்.

காலையிலேயே போங்கள், மதியத்தில் மூலஸ்தானக் கதவு சாத்திவிடும். திங்கட்கிழமை சிவனுக்கு உரிய நாள் என்பதால் வரிசை நீளும், அன்றைக்குத் தவிருங்கள்.

கோயிலை ஒட்டி ஓடும் பாக்மதி ஆற்றின் படித்துறையில் நாள் முழுக்கச் சிதைகள் எரியும். மறைவில்லை, எல்லோர் கண்ணிலும் படும். முதல் நாள் இரவே மகனைப் பக்கத்தில் இருத்தி, நாளைக்கு என்ன பார்ப்பாய் என்று விளங்கப்படுத்துங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொன்னால் விளங்கும். திடீரென்று கண்டால்தான் பயப்படும். மாலையில் எதிர்க் கரையில் ஆரத்தி நடக்கும். அங்கே இருந்து பார்த்தாலும் சிதைகள் தெரியும். மகன் தயங்கினால் ஆரத்திக்கு நீங்களும் மாமியும் மகளும் மட்டும் போகலாம், தகப்பனும் மகனும் பௌத்தநாத்தில் சுடச்சுட துக்பா என்ற நூடில்ஸ் சூப் குடிக்கட்டும். இன்னொன்று, கை கூப்பிக் கேட்கிறேன். அந்தக் கரையில் நின்று போனைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். எத்தனையோ பேர் எடுக்கிறார்கள். யாரோ ஒருவருடைய அப்பா அங்கே எரிந்துகொண்டிருக்கிறார்.

ஒரு நாள் பாட்டன் நகரம். அங்கே அரண்மனைச் சதுக்கத்தில் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கிருஷ்ணர் கோயில், முழுக்கக் கல்லால் ஆனது. முதல் மாடியைச் சுற்றி மகாபாரதக் காட்சிகள், இரண்டாம் மாடியைச் சுற்றி இராமாயணம். மேலே ஏற வேண்டியதில்லை, எதிரே இருந்தே முதல் மாடிச் சிற்பங்களைப் பார்க்கலாம். யார் எந்தப் பாத்திரம் என்று மாமி சொல்ல, பேரன் கண்டுபிடிக்கட்டும்.

இன்னொரு நாள் பக்தபூர். இது கட்டாயம். 1702 இல் கட்டி முடித்த ஐந்தடுக்கு நியாத்தபோலா கோயில் 1934 நிலநடுக்கத்தையும் 2015 நிலநடுக்கத்தையும் தாங்கி நிற்கிறது. படிக்கட்டின் இரு பக்கமும் காவல் சிலைகள்: அடியில் மல்லர்கள், மேலே யானைகள், அதற்கும் மேலே சிங்கங்கள் என்று போகும். ஒவ்வொரு சோடியும் கீழே இருப்பவர்களைவிடப் பத்து மடங்கு பலம் என்பது அங்குள்ளவர்களின் கணக்கு. பிள்ளைகள் ஓடி ஏறட்டும். மாமிக்குக் கீழே ஒரு கடையில் ஜுஜு தௌ வாங்கிக் கொடுங்கள். எருமைப் பாலில் மண் சட்டியில் உறையவிடும் தயிர் அது. எங்கள் ஊர்ச் சட்டித் தயிர் மாதிரித்தான், ஆனால் இனிப்பு உள்ளேயே கலந்திருக்கும், பாணி ஊற்றத் தேவையில்லை. கரண்டியால் வெட்டினால் வெட்டின இடம் அப்படியே நிற்கும். நான் அந்த ஊருக்குப் போனால் கோயிலுக்கு முன்னமே தயிர்க் கடைக்குத்தான் போவேன்.

பிள்ளைகள் முகத்தைத் தூக்குவார்கள் என்று கவலைப்படாதீர்கள். சந்திராகிரி மலைக்குக் கேபிள் கார் ஓடுகிறது. ஏறத்தாழ 2,500 மீற்றர் உயரத்தில் கொண்டுபோய் விடும். வானம் தெளிந்தால் வடக்கே பனிமலை வரிசை, உச்சியில் ஒரு சிவன் கோயில். படியில்லாமல் மலை ஏறுகிற வழி இதுதான் என்பதால் மாமிக்கும் பொருந்தும். ஆனால் அங்கே காத்மாண்டுவைவிட நல்ல குளிர், சால்வை மறக்க வேண்டாம். சுயம்புநாத் தூபிக்குக் கிழக்குப் பக்கத்தால் போனால் 365 படிகள். டாக்ஸிக்காரரிடம் பின்பக்கத்தால் மேலே விடச் சொல்லுங்கள், சில படிகளோடு முடியும். அங்கே குரங்குகள் கையில் இருப்பதைப் பறிக்கும். மகளைக் குமாரி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள். நேவார் சமூகத்துச் சிறுமி ஒருத்தி பூப்பெய்தும் வரை உயிருள்ள தேவியாக அங்கே இருக்கிறாள். சில வேளை மரச் செதுக்கல் யன்னலில் வந்து நிற்பாள், படம் எடுக்க விடமாட்டார்கள். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதைப் பற்றி நிறையக் கேள்வி வரும். கேட்கட்டும், மாமியிடமும் கேட்கட்டும்.

விசா விஷயத்திலும் காத்மாண்டு உங்களுக்கு இலகு. சார்க் நாட்டவர் என்பதால் வருடத்தில் முதல் 30 நாளுக்குக் கட்டணம் இல்லை, போய் இறங்கியதும் தருவார்கள். புறப்படும் முன் கொழும்பில் இருக்கும் நேபாளத் தூதரகத்தில் ஒரு தடவை உறுதி செய்யுங்கள். பக்தபூர், பாட்டன் நுழைவுச் சீட்டிலும் சார்க் நாட்டவருக்குத் தனிக் குறைந்த கட்டணம் உண்டு. கடவுச்சீட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும், அல்லது வெள்ளைக்காரருக்குரிய கட்டணத்தைக் கேட்பார்கள்.

கேள்வி: எனக்கு 24 வயது. முதல் வெளிநாட்டுப் பயணம், தனியாக, நான்கே நாள். காத்மாண்டு போய் மலை ஏறலாம் என்கிறார்கள் நண்பர்கள். அம்மாவோ கோலாலம்பூர் போ என்கிறார். உங்கள் அபிப்பிராயம்?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தம்பி, அம்மா சொல்வதைக் கேளுங்கள். மலையேற்றம் நான்கு நாள் வேலை இல்லை. லாங்டாங், அன்னபூர்ணா பக்கம் உருப்படியாக நடக்க வேண்டுமென்றால் ஒரு கிழமைக்கு மேல் வேண்டும். காத்மாண்டு அதற்கு வாசல் மட்டும்தான். அந்த லீவு கிடைக்கும்போது போங்கள்.

கோலாலம்பூர் தனியாகப் போகும் முதல் பயணத்துக்கு நல்ல ஊர். விமான நிலையத்தின் முதலாம் முனையத்தில் இருந்து கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயில், 28 நிமிடம். அதற்குப் பக்கத்திலேயே பிரிக்ஃபீல்ட்ஸ். அங்கே தங்கினால் காலடியில் ரயில், வாழையிலைச் சாப்பாடு, தமிழ்க் கதை. பத்துமலைக்கும் அதே நிலையத்தில் இருந்து கொமியூட்டர் ரயில் நேரே போகிறது. வெயிலுக்கு முன்னமே போய் ஏறிவிடுங்கள். இரட்டைக் கோபுரம் 452 மீற்றர். 41ஆம் 42ஆம் மாடியில் இருக்கும் பாலத்துக்கும் மேலே போவதற்கும் முன்பதிவு செய்யுங்கள், திங்கட்கிழமை பூட்டு. நகர நடுவில் மகா மாரியம்மன் கோயில், 1873 இல் தொடங்கியது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது அங்கே இருந்துதான்.

எல்லோரும் தவறவிடும் ஓர் இடம் சொல்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்கொட் வீதியில் கந்தசுவாமி கோயில். பிரித்தானியர் காலத்தில் ரயில்வேக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் எழுதுவினைஞர்களாகப் போன யாழ்ப்பாணத்தவர்கள் எழுப்பிய கோயில் அது. நல்லூரை மனதில் வைத்துக் கட்டினார்கள். மாலைப் பூசைக்குப் போய் நில்லுங்கள். பக்கத்தில் நிற்கும் வயதானவரிடம் கொழும்பில் இருந்து வருகிறேன் என்று சொன்னால், "உங்கட சொந்த ஊர் எது?" என்ற கேள்வி வரும். அவருடைய பாட்டனாரின் ஊரும் பக்கத்து ஊராக இருக்கலாம். நேரம் ஒதுக்கிக் கேளுங்கள், அந்தத் தலைமுறை குறைந்து வருகிறது.

எங்கள் கடவுச்சீட்டுக்கு மலேசியாவுக்கு முன்கூட்டியே இ-விசா வேண்டும். புறப்படுவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். இரண்டும் வேறு வேறு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டவர்களைக் கட்டுநாயக்கவில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: காத்மாண்டுவில் சைவச் சாப்பாடு கிடைக்குமா? எங்கள் ரூபாய் அங்கே மாறுமா?
– தெஹிவளை வாசகி

பதில்: தாராளமாகக் கிடைக்கும். தால் பாத் என்று கேளுங்கள். சோறு, பருப்பு, மரக்கறி, கீரை, ஊறுகாய் வரும். சோறும் பருப்பும் திரும்பத் திரும்பப் போடுவார்கள். மொமோ என்ற, உள்ளே கறி வைத்து அவித்த கொழுக்கட்டை வாங்கும்போது மட்டும் கவனம். 'பஃப்' என்று எழுதியிருந்தால் எருமை இறைச்சி, 'வெஜ்' என்று வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். எங்கள் ரூபாயை நம்பிப் போக வேண்டாம், அமெரிக்க டொலராகக் கொண்டு போய் அங்கே மாற்றுங்கள். மாற்றிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மிஞ்சும் நேபாள ரூபாயைத் திரும்ப மாற்றும்போது கேட்கலாம். கொழும்பில் அதை வாங்க ஆள் தேட வேண்டிவரும், அங்கேயே மாற்றிவிட்டு விமானம் ஏறுங்கள்.